டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்: சங்கிரஹணியில் தொடங்கிய தேடல்

என் சகதர்மிணிக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருஷங்கள் ஆகின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட், செவ்வாய்க்கிழமை ஃபோலிக் ஆசிட் என்று இரண்டு மாத்திரைகள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்று மாத்திரை டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காட்கோபர் கிழக்கில் எங்கள் சொசைட்டி வாசலில் கடை வைத்திருக்கும் குஜராத்தி கெமிஸ்ட் இரண்டு ஸ்ட்ரிப்பையும் ஒரே காகித உறையில் போட்டுத் தருவார். உறைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று எதிரிகள். ஃபோலிக் ஆசிட் உடம்பில் செய்யும் வேலையைத் தடுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டது மெத்தோட்ரெக்ஸேட். இரண்டும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில், சில வருஷ இடைவெளியில் உருவானவை. அந்த மனிதர் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும் மதராஸ் மெடிக்கல் காலேஜிலும் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். வாழ்க்கை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. நான் ஒரு மருந்துக் கம்பெனியின் குவாலிட்டி கண்ட்ரோல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நாங்கள் செய்த பரிசோதனைக்குப் பெயரே ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை. சோதனைக் குழாயில் நீல நிறம் எழும்பும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன பெயர். அதனால் ரிட்டயரான பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் மனதில் நின்றதை நமது அங்கத்தினர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

பிறந்தது 1895 ஜனவரி 12, இன்றைய ஆந்திரத்தில் உள்ள பீமவரத்தில். தாய்மொழி தெலுங்கு. தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் வசதி கிடையாது. பிள்ளைக்கோ படிப்பில் நாட்டமில்லை. சிறு வயதில் காசிக்கு ஓடிப்போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று கிளம்பியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தாயார் வெங்கம்மா விடவில்லை, பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் மூன்றாவது தடவைதான் தேறிற்று, அதுவும் மதராஸுக்கு வந்து ஹிந்து ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகு. நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு மார்க் குறைந்தால் வீடே துக்கம் காக்கிறோமே, அதற்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னேன்.

பிரசிடென்ஸி காலேஜில் இன்டர்மீடியட் முடித்ததும் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசம் வாங்கிக்கொள்ளத் தீர்மானித்தார். இங்கும் தாயார் குறுக்கே நின்றார். மடத்திலும் வைத்தியம் படித்துவிட்டுச் சேவை செய்யலாமே என்று யோசனை சொன்னார்கள். 1915ல் மதராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். பின்னால் கதர் போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். ஆங்கிலேய சர்ஜரி புரொஃபசருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். மட்டும் கொடுத்தார்கள். அரசாங்க மருத்துவ சர்வீஸில் சேர முயன்றதும் பலிக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் ஒரே வியாதி. ஆங்கில வைத்தியம் அதை ட்ராபிகல் ஸ்ப்ரூ என்றது. நம் வைத்தியர்கள் சங்கிரஹணி என்பார்கள். கிராமத்துப் பாட்டிமார் கிராணி என்பார்கள். வயிற்றுப்போக்கு நிற்காது, நாக்கு புண்ணாகிச் சிவந்து போகும், சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது, ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார். காரணம் இன்னதென்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. மருந்தும் கிடையாது. மெடிக்கல் காலேஜில் படித்துக்கொண்டே கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு அதே வியாதி அவருக்கும் வந்தது. பிழைக்க வைத்தவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை என்று இருக்கிறதே, அந்த ருக்மணி அம்மாளின் கணவர். அலோபதி படித்துவிட்டு ஆயுர்வேதத்துக்கு வந்தவர். அவர் கொடுத்த ஆயுர்வேத மருந்தில் சுப்பாராவ் எழுந்து உட்கார்ந்தார். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது.

நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. எல்லாம் சரகரும் சுச்ருதரும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனான் என்பது ஒரு கட்சி. கஷாயமும் லேகியமும் ஏமாற்று என்பது இன்னொரு கட்சி. எங்கள் காட்கோபர் பார்க்கில் காலை நடைக்கு வரும் பெரியவர்களிடையே இந்தச் சண்டை வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கும். சுப்பாராவ் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. மூலிகை வேலை செய்கிறது என்பதற்கு அவர் உடம்பே சாட்சி. ஆனால் எந்த மூலிகையில் எந்தப் பொருள், உடம்பில் எந்த இடத்தில் போய் எதைச் சரி செய்தது? சகோதரர்களைக் கொன்று தன்னை விட்டுவைத்த வியாதி உடம்புக்குள் எதைக் கெடுத்தது? கல்லூரியில் இருந்தபடியே ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராயத் தொடங்கினார். அதற்கு வேண்டிய ரசாயனமும் கருவிகளும் அன்றைய மதராஸில் அவருக்குக் கிடைக்கவில்லை. கொக்கிப்புழு ஒழிப்பு வேலையாக வந்திருந்த ஓர் அமெரிக்க டாக்டரைச் சந்தித்த பிறகு அமெரிக்கா போய்ப் படிக்கும் எண்ணம் உறுதிப்பட்டது. காக்கிநாடாவில் ஒரு தர்ம ஸ்தாபனம் உதவி செய்ய முன்வந்தது. மீதியை மாமனார் கொடுத்தார்.

அவருக்கு 1919லேயே கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் சேஷகிரி, சின்னப் பெண். மூன்று வருஷத்தில் திரும்பி விடுவதாகச் சொல்லிவிட்டு 1922ல் கப்பலேறினார். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

ஹார்வர்டில் வெப்பமண்டல வியாதிகளுக்கான பள்ளியில் சேர்ந்தாயிற்று, வயிற்றுப்பாட்டுக்குத்தான் வழியில்லை. எல்.எம்.எஸ். பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. ஆகவே இரவு நேரங்களில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டியும் மூத்திரச்சட்டியும் எடுத்துக் கழுவும் வேலை பார்த்தார். பகலில் படிப்பு. டிப்ளமா வாங்கியதும் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் சைரஸ் ஃபிஸ்கே என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார்.

ஃபிஸ்கே கொடுத்த முதல் வேலைதான் பாஸ்பரஸ். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள கொஞ்சூண்டு பாஸ்பரஸைத் திருத்தமாக அளக்க அன்று நல்ல வழி கிடையாது. 1925ல் இருவரும் வெளியிட்ட முறையில் மாலிப்டேட் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தால் அதை நீலமாக்கி, நிறத்தை வைத்து அளந்தார்கள். பயோகெமிஸ்ட்ரி உலகம் முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. எலும்பு நோய், சிறுநீரக நோய் என்று எதற்கெல்லாமோ பயன்பட்டது.

அடுத்த விஷயத்தை பெஞ்சில் நின்று வேலை பார்த்தவர்கள் ரசிப்பார்கள். தசையிலிருந்து எடுத்த சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தபோது நீலம் ஒழுங்காக வரவில்லை. முதலில் கொஞ்சம் வந்து, பிறகு நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டே போயிற்று. எங்களைப் போன்றவர்கள் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி தயாரிப்போம். இவர்கள் கொட்டவில்லை. ஏன் தாமதமாக ஏறுகிறது? தசைக்குள் பாஸ்பரஸ் வேறு ஏதோ ஒரு பொருளுடன் லேசாகப் பிணைந்திருக்கிறது, அமிலம் பட்டதும் மெல்ல மெல்லக் கழன்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927ல் அறிவித்தார்கள். தசை சுருங்கும் சக்திக்கு லாக்டிக் ஆசிட்தான் மூலம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தசை ஆராய்ச்சிக்காக 1922ஆம் வருஷத்து நோபல் பரிசு பெற்ற ஹில், மையர்ஹாஃப் இருவரின் கருத்தும் அதை ஒட்டியதே. அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 1929ல் அதே தசைச் சாற்றிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே வருஷம் தனியாக அதைக் கண்டுபிடித்துச் சற்று முன்னால் வெளியிட்டார். பதினொன்றாம் வகுப்பு பயாலஜியில் உயிரணுவின் நாணயம் என்று நம் பேரக்குழந்தைகள் மனப்பாடம் செய்வது இந்த ஏ.டி.பி.யைத்தான். உடம்பில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கூலி.

1930ல் பி.எச்.டி. வாங்கினார். ஆனால் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவே இல்லை. ஃபிஸ்கேயின் நிழலிலேயே பத்து வருஷம் போயிற்று. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடாததால், பல வருஷம் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னவர், அதே பிரிவில் படித்து 1988ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். சுப்பாராவ் தானாக முன்வந்து பேசும் ஆளும் அல்ல. கூட வேலை செய்தவர்களின் பெயரை முன்னால் வைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வார். அடக்கம் நல்ல குணம்தான். ஆனாலும் இவர் விஷயத்தில் அது கொஞ்சம் மிஞ்சிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் பாஸ்டனை விட்டு நம் பம்பாய்க்கு வர வேண்டும். காட்கோபரில் ஸ்லோ லோக்கல் ஏறினால் வித்யாவிஹார், குர்லா, சயான், மாடுங்கா, தாதர் தாண்டிப் பரேல். அங்கேதான் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, பழைய கவர்னர் மாளிகையில். சுப்பாராவ் பாஸ்டனில் தசையை அரைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், 1928ல், லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் இங்கே வந்தார். பம்பாயின் ஏழைப் பெண்கள், குறிப்பாகப் பஞ்சாலைத் தொழிலாளிகளின் குடும்பத்துப் பெண்கள், கர்ப்பமாக இருக்கும்போது ரத்தசோகை முற்றி இறந்துகொண்டிருந்தார்கள். சாதாரண இரும்புச்சத்துக் குறைவு அல்ல. ரத்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக, முதிராமல் இருந்தன. அந்தக் காலத்தில் இம்மாதிரி ரத்தசோகைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஆட்டு மாட்டு ஈரலைத் தினமும் அரை பவுண்டு போலச் சாப்பிடுவது. 1926ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. நம்மவர்களிடம் சொன்னால் ரத்தசோகையே தேவலை என்றிருப்பார்கள்!

லூஸி வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். காய்கறி, பழம், கீரை எதுவும் போதிய அளவு இல்லை. அதே ஆகாரத்தை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்து, அவற்றுக்கும் ரத்தசோகை வருவதைக் கண்டார். பிறகு ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான சரக்கைக் கொடுத்துப் பார்த்தார். குணமாயிற்று. நோயாளிகளும் தேறினார்கள். 1931ல் இதை வெளியிட்டார். ஈஸ்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இன்னதென்று தெரியவில்லை. ஆகவே அதை வில்ஸ் காரணி என்றே சொல்லி வந்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1941ல், டெக்ஸாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் பசலை போன்ற கீரையை அரைத்து, கிருமிகள் வளரத் தேவையான ஒரு சத்தைத் துளியளவு பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் ஃபோலிக் ஆசிட் என்று வைத்தார்கள். பம்பாய்ப் பெண்களின் ஆகாரத்தில் இல்லாதிருந்த சத்து அதுதான். ஆனால் துளியளவை வைத்துக்கொண்டு யாருக்கு வைத்தியம் செய்வது?

இதற்குள் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, 1940ல் நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து, விரைவிலேயே ஆராய்ச்சிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். ஈரலில் ரத்தத்தை உண்டாக்கும் பொருள் எது என்று பல காலமாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஈரலில் அவர் தேடிய பொருள் பி-12. அது 1948ல் வேறு இடங்களில் அகப்பட்டது. இவர் கைக்கு வந்தது ஃபோலிக் ஆசிட். அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆராய்ச்சிக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்து 1945ல் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பெயர்கள், நடுவில் ஒன்றாக சுப்பாராவ். ஈரலும் வேண்டாம், நான்கு டன் கீரையும் வேண்டாம் என்று ஆயிற்று. டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் உடனே க்யூபாவுக்கு எடுத்துச் சென்று ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொண்டுபோன சங்கிரஹணிக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து மருந்து கிடைத்துவிட்டது.

நம் வீட்டுச் சமையலுக்கும் இது சம்பந்தப்பட்டது என்பதால் இரண்டு வார்த்தை. கீரையிலும் பயறு வகைகளிலும் ஃபோலேட் நிறைய உண்டு. ஆனால் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரையும் வடித்துக் கொட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். இன்னொன்று, சைவ உணவுக்காரர்களான நமக்கு பி-12 குறைவது சகஜம். அந்தக் குறைவு இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியானதுபோலத் தோன்றும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது கட்டாயம். குழந்தையின் முதுகுத்தண்டு குறைபாட்டை இது பெரிதும் தடுக்கிறது என்று 1991ல் ஒரு பெரிய பரிசோதனை நிரூபித்தது.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நாளில் அவர்கள் வாரக் கணக்கில் இறந்து போவார்கள். ரத்தத்துக்கு நல்லதாயிற்றே என்று ஃபோலிக் ஆசிட் வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். வியாதி இன்னும் வேகமாக ஓடிற்று! ஃபார்பர் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். கெட்ட அணுக்களுக்கும் இந்தச் சத்துதான் தீனி. அப்படியானால் தீனியைத் தடுத்தால்? லெடர்லேயில் சுப்பாராவின் குழு ஃபோலிக் ஆசிட்டைச் செய்யும் வழியைத் தேடிய காலத்திலேயே, அச்சு அசலாக அதைப்போலவே இருந்து ஓரிரு இடத்தில் மட்டும் மாறுபட்ட பல பொருள்களையும் செய்து வைத்திருந்தது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி. நல்ல சாவி உள்ளே போக முடியாது. அணு தன் மரபுப் பொருளைப் பிரதி எடுக்க முடியாமல் நின்றுவிடும். 1947 டிசம்பரில் அமினோப்டெரின் என்ற அந்தக் கள்ளச்சாவியை ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கிற்று. சில மாதங்களில் திரும்ப வந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதன்முதலில் கண்டது 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரையில்தான். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். விஷத்தன்மை கொஞ்சம் குறைவு என்பதால் அண்ணனை ஒதுக்கிவிட்டு அதுவே நிலைத்தது. சித்தார்த்த முகர்ஜி 2010ல் எழுதிய புற்றுநோய் வரலாற்றில் இந்தச் சம்பவங்களை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

பரேலில் ஹாஃப்கினிலிருந்து நடந்து போகிற தூரத்தில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி. நம் பக்கத்திலிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு பாஷை தெரியாமல் வந்து நிற்கும் தாய் தகப்பன்மாருக்கு ஃபாரம் எழுதித் தருவதற்காக நான் மாதம் இரண்டு தடவை காட்கோபரிலிருந்து போவதுண்டு. அங்கே குழந்தைகளின் முதுகுத்தண்டில் போடும் மஞ்சள் நிற ஊசி மெத்தோட்ரெக்ஸேட். இப்போது அதனுடன் வேறு பல மருந்துகளும் சேர்கின்றன. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் குழந்தைகளுக்கு வரும் இந்த வகை ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. முடக்குவாதத்துக்குக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுக்கும் பழக்கம் பின்னால் வந்தது. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1988ல்.

அவர் தலைமையில் வந்த மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் புழு தொற்றியது. அதற்கு மருந்து தேடியதில் 1947ல் ஹெட்ரசான் வந்தது. கும்பகோணத்து அன்பர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் யானைக்கால் ஒழிப்புக்காக வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை இதுவேதான். ரிட்டயரான பிறகு லெடர்லேயில் சேர்ந்த பெஞ்சமின் டக்கர் என்ற எழுபது வயதைக் கடந்த தாவர இயல் ஆசிரியர், மிசௌரியிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் தங்க நிறக் கிருமிக்கொல்லி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்தது. 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியதை நேரில் போய் ஆராய்ந்தார்கள். இன்றும் அந்த வியாதிக்கு வைத்தியம் ஃபோலிக் ஆசிட்டும் டெட்ராசைக்ளினும் சேர்த்துச் சில மாதங்கள். ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்ததும், டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்தது பிறந்ததும் பெர்ல் ரிவரில்தான்.

சேஷகிரி அம்மாளைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. மூன்று வருஷம் என்று சொன்னவர் திரும்பி வரவேயில்லை. பிறந்த ஒரு மகனும் சிசுவாக இருந்தபோதே இறந்துபோனான். 1924ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் இந்தியர்கள் அங்கே குடியேறுவதை அடைத்துவிட்டது. 1946ல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. மனைவியை அழைத்துக்கொள்வது சுலபமில்லை, ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி போவதும் நிச்சயமில்லை. இதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனாலும் இந்த மருந்து முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று அவரே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் படித்தவரையில் எனக்குப் படுகிறது. பிள்ளைகள் கடல் தாண்டிப் போன வீடுகள் நம்மில் எத்தனையோ. நமக்கு வாரம் தவறாமல் வீடியோ காலாவது உண்டு. அந்த அம்மாளுக்குக் கப்பலில் வரும் கடிதம். அவர் செய்த தியாகத்தால் உலகத்துக்கு மருந்து கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அவரை யாரும் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, அதனால் அந்த வார்த்தையை உபயோகிக்க எனக்கு இஷ்டமில்லை.

1948 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை சுப்பாராவ் தன் ஜாகையில் இறந்து கிடந்தார். தூக்கத்தில் மாரடைப்பு. வயது 53. ஆரியோமைசின் அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம். லெடர்லேயில் கூட இருந்தவர்கள் 1953ல் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். 1995ல் அவருடைய நூற்றாண்டுக்கு நம் தபால் இலாகா ஸ்டாம்ப் வெளியிட்டது. சேஷகிரி அம்மாள் கணவரைக் கடைசியாகப் பார்த்தது 1922ல்.